லிங்கண்ணைக்கு நான் சொல்லாமல் விட்டது

திருகோணமலைக் கச்சேரி அலுவலகத்தில் காலைத் தபாலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூதூருக்குக் கடலில் ஓடும் லோஞ்சில் வேலை செய்யும் நஸீர் வாசலில் வந்து நின்றான். மறுபடி சண்டை தொடங்கி லோஞ்ச் நின்றுபோனதிலிருந்து, ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் திருகோணமலையிலேயே தங்கிவிட்டவன். உள்ளே வா என்றேன். வரவில்லை. "அக்கா, லிங்கண்ணை மௌத்தாப் போயிற்றார். விடியக் காலமை. உங்களுக்குச் சொல்லச் சொன்னாங்க" என்றான். கையிலிருந்த கடிதத்தை இரண்டாக மடித்தேன், விரித்தேன், திரும்பவும் மடித்தேன். எதிர்பார்த்திருந்த சாவுச் செய்திதான். எதிர்பார்த்த செய்தி அவ்வளவாக நோகாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நொந்தது.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலருக்கு ஏதும் எழுதித் தரும்படி அவருடைய மனைவி தவமணி அக்கா கேட்டார். நான் எழுதுவதென்றால் அவருடைய வருத்தத்தை, அந்த நோயைப் பற்றித்தான் எழுதுவேன், அதுவும் பெயர் சொல்லித்தான் எழுதுவேன் என்றேன். அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினார். "எழுது பிள்ளை. அவர் ஆருக்கும் மறைச்சவரே? நாங்கள்தானே மறைச்சனாங்கள்" என்றார். நாங்கள் என்றது அக்காவின் பெருந்தன்மை. மறைத்தவள் நான். ஆகவே இதை நான் எழுதுவதுதான் முறை. கடல் கடந்து செத்தவீட்டுக்கு வர முடியாமற்போன மூதூர்ச் சனங்களே, முக்கியமாக உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவரை என்னைவிட நீங்கள் கூடுதலாகப் பார்த்தவர்கள்.

நாகலிங்கம் என்ற பெயர் அவருடைய சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இறங்குதுறையில் அவர் லிங்கண்ணை. லோஞ்ச் போகுமா, எத்தனை பேரை ஏற்றலாம், எப்போது திரும்பும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. நான் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர். கிழமையில் இரண்டு நாள் மூதூர் அலுவலகத்துக்கும் போகவேண்டும். அப்படித்தான் பழக்கம். கடற்படையின் சோதனை முடிந்து நாங்கள் வரிசையில் நிற்கும்போது, ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று அவர் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "சனங்கள், கேளுங்கோ. வாடைக் காத்து எழும்பியிருக்குது. நனைவியள். வயித்தைப் பிரட்டிச் சத்தி வரும். ஒண்டரை மணித்தியாலம் எண்டது ரெண்டரையும் ஆகலாம். லோஞ்ச் தாழாது, ஆனா தாழப்போகுதெண்டு நினைப்பியள். வாறவை ஏறுங்கோ. நிக்கிறவை நாளைக்கு வாங்கோ, இதே ரிக்கற் செல்லும்." இதைக் கேட்டுவிட்டுப் பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். ஒருநாள் மேலதிகாரி ஒருவர் வந்து, ஏன் சனத்தைப் பயப்படுத்துகிறீர் என்று கேட்டார். "பயப்பிடுறதோ இல்லையோ அவையின்ர பாடு, சேர். காத்தைச் சொல்லவேண்டியது என்ர பாடு" என்றார் லிங்கண்ணை.

அவருக்கு வருத்தம் இருப்பதை முதலில் கவனித்தது நாங்கள் அல்ல, கடற்படைக்காரர். இந்த மனிதர் ஏன் அரைமணிக்கொருதரம் கொட்டிலுக்குப் பின்னால் போகிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். சுவரோடு நின்று, சலம் போகாமல் முக்கிக்கொண்டு நின்ற மனிதரைத்தான் கண்டார்கள். அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து, உங்கள் ஐயாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சொன்னான். நான் அதை அப்படியே அண்ணையிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, வயது போனால் எல்லாருக்கும் அப்பிடித்தான் என்றார். அடுத்த மாதம் சலம் அடியோடு நின்று, வயிறு கல்லாகி, பெரியாஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். ஆண்களுக்கு மட்டும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரொஸ்டேட் என்ற சுரப்பி வீங்கியிருந்தது. அதில் ஊசியால் கிள்ளி எடுத்த சதையைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் ஒரு மாதம் போனது. புற்றுநோய்.

இங்கிருந்த சத்திரசிகிச்சை வைத்தியர், கண்டியில் ஒரு நிபுணரிடம் காட்டிவிட்டு வரும்படி கடிதம் கொடுத்தார். அண்ணைக்குக் கடைத்தெருச் சிங்களம் மட்டும் தெரியும். அக்காவுக்கு அதுவும் இல்லை. மகன் குமரன் வவுனியாவில் வேலை. அக்கா என்னைக் கேட்டார். வேறு யார் போவது? லீவு போட்டுவிட்டு நான் போனேன்.

அந்தப் பயணத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். கந்தளாய் தாண்டி ஒரு சோதனைச்சாவடியில் எல்லாரையும் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். அண்ணையின் காற்சட்டைக்குள் தொடையோடு கட்டியிருந்த சலப்பை சிப்பாயின் கையில் தட்டுப்பட்டது. சிப்பாய் துவக்கை நீட்டியபடி இரண்டடி பின்னால் போனான். அண்ணை கையை உயர்த்தினார். நான் வரிசையை விட்டு ஓடிப்போய், ஐயாவுக்கு மூத்திரம் போகாது, அது குழாயும் பையும், வேண்டுமானால் அங்கே மறைவில் கூட்டிப்போய்ப் பாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் பார்க்கவில்லை. போங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ்ஸில் ஏறியதும் அண்ணை, "என்ன சொன்னனீங்கள் அவனுக்கு?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன் என்றேன். "அது காணும், வேறொண்டும் வேண்டாம்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினொரு வருடம் அரசாங்கக் கடிதங்களை ஒரு சொல் குறையாமல், ஒரு சொல் கூடாமல் மொழிபெயர்த்தவள் அல்லவா நான்.

கண்டி வைத்தியர் வயதானவர், நிதானமானவர். நான் மொழிபெயர்த்தாலும் அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அண்ணையின் முகத்தைப் பார்த்துத்தான் சிங்களத்தில் பேசினார். நோய் சுரப்பியை விட்டு வெளியே வரத் தொடங்கியிருக்கிறது, ஆனால் எலும்புக்குப் போகவில்லை, ஆகவே வருடக்கணக்கில் வாழலாம் என்றார். பிறகு மூன்று விரல்களை உயர்த்தினார். மூன்று வழி இருக்கிறது என்று ஒவ்வொரு விரலாகப் பிடித்துச் சொன்னார்.

முதலாவது, கொழும்பில் கதிர்ச் சிகிச்சை. கரண்ட் பிடிக்கிறது என்று நாங்கள் சொல்வது. ஏழு கிழமை, கிழமையில் ஐந்து நாள். இரண்டாவது, தினமும் விழுங்குகிற குளிசை. பெண்களின் உடம்பில் சுரக்கிற ஒன்றைக் குளிசையாகச் செய்தது. மார்பு நோகும், கால் வீங்கும், சிலருக்கு இரத்தம் கட்டும், ஆனால் நோயை அடக்கி வைக்கும். இரண்டையும் ஒழுங்காகச் சொன்னேன். மூன்றாவது விரலைப் பிடித்துக்கொண்டு வைத்தியர் சொன்னது இது. இந்த நோய்க்குத் தீனி, ஆண்களின் விதைகளில் சுரப்பது. இரண்டு விதைகளையும் எடுத்துவிட்டால் தீனி நின்றுவிடும். சின்னச் சத்திரசிகிச்சை, திருகோணமலையிலேயே செய்யலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். பிறகு கொழும்பும் வேண்டாம், குளிசையும் வேண்டாம். அவர் இருக்கிற ஊரையும் இந்தக் காலத்தையும் பார்த்தால் அதையும் யோசிக்கவேண்டும். ஆனால் ஒரு ஆணுக்கு அது லேசான முடிவு இல்லை, அவர்தான் தீர்மானிக்கவேண்டும்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. ஒரு பக்கம் அண்ணை, மற்றப் பக்கம் அக்கா, நடுவில் நான். துவக்கு வைத்திருந்தவனுக்கு மூத்திரம் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, எனக்குத் தெரிந்த ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து, அவருடைய மனைவிக்கு முன்னால், அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. மென்று விழுங்கிவிட்டேன்.

"மூண்டாவது?" என்று அண்ணை கேட்டார்.

"அது... அது உங்களுக்குத் தேவைப்படாது அண்ணை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு கேட்கவில்லை. கொழும்பில் ஏழு கிழமை நிற்க ஏலாது, குளிசையைத் தரச் சொல்லுங்கோ என்றார். நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். வைத்தியர், மூன்றாவதையும் யோசித்தாரா என்று கேட்டார். அது வேண்டாமாம் என்று சொன்னேன். ஆளுக்கொரு மொழியில் இரண்டு பேருக்கும் பொய் சொல்லிவிட்டு, இரண்டு பேருக்கும் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

குளிசை தொடங்கியது. குழாயைக் கழற்றினார்கள், சலம் போனது, அண்ணை வேலைக்கும் வந்தார். ஆனால் ஆள் மாறியிருந்தார். பெட்டியின் மேல் ஏறிச் சொல்வதைக் குறைத்துக்கொண்டார். இடது கால் வீங்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புவழிபுரத்துக்கு அவர்களைப் பார்க்கப் போனேன். வீட்டு வாசலில், ஒழுங்கையில் சனம் கூடிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஐம்பத்துநாலு வயதில் தவமணி அக்கா சைக்கிள் பழகிக்கொண்டிருந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா சைக்கிளில், வீங்கின காலோடு பின்னால் பிடித்துக்கொண்டு அண்ணை. "முன்னுக்குப் பார். என்னைப் பாராதை, முன்னுக்குப் பார்" என்று கத்திக்கொண்டு ஓடினார். அக்கா வேலியில் போய் விழுந்தார். எழும்பித் திரும்பவும் ஏறினார். நானும் எல்லாரோடும் சேர்ந்து வயிறு நோகச் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கண்டிக்குப் போய்வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு பிற்பகல், அண்ணை என் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. அம்மா கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். குடித்து முடித்தார். அம்மா குசினிக்குள் போனபிறகுதான் தொடங்கினார்.

"அலியார் காக்காவைத் தெரியும்தானே, தங்கச்சி? மூதூர் அரிசிக்காரர். இண்டைக்கு இறங்குதுறையில என்ர காலைப் பார்த்துப்போட்டு என்ன வருத்தமெண்டு கேட்டவர். சொன்னன். தனக்கும் அதே வருத்தம்தானாம். ரெண்டையும் எடுத்துப்போட்டாங்களாம். மூண்டாம் நாள் வீட்டை வந்திட்டாராம். மூண்டு வருசமாகுதாம்."

நான் அவருடைய வெறும் கோப்பையை எடுத்தேன்.

"அண்டைக்கு அந்த டொக்டர் மூண்டு விரல் காட்டினவர். அதுதானோ மூண்டாவது?"

"ஓம் அண்ணை" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் அதைச் சாவு எண்டெல்லோ நினைச்சனான்" என்று மெதுவாகச் சொன்னார். "மூண்டாவது ஒண்டும் செய்ய ஏலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், பாவம் இந்தப் பிள்ளை, சொல்ல மனம் வராமல் விட்டிட்டுது எண்டு நினைச்சன். உங்களில ஒரு கோவமும் வரேல்லை. வருசக்கணக்கில வாழலாமெண்டதும், குளிசை தந்ததும் சும்மா என்ர மனம் ஆறத்தான் எண்டு நினைச்சன். எனக்குப் பிறகு தவமணி சந்தைக்குப் போகவேணும், ஆஸ்பத்திரிக்குப் போகவேணும். பஸ்ஸை நம்ப ஏலுமே? அதுதான் சைக்கிள் பழக்கினனான்."

நான் அழுதேன். கால் வீங்கினதும் என்னால்தான் அண்ணை என்றேன். "கால் குளிசையால வீங்கினது. அது வரலாமெண்டு நீங்கள் சொன்னனீங்கள், நான் தெரிஞ்சுதான் விழுங்கினனான். அதைக் கதைக்க வரேல்லை. ரெண்டு மாசம் நான் செத்த ஆளா நடந்து திரிஞ்சிருக்கிறன். அதைத்தான் சொல்ல வந்தனான்" என்றார். ஆறுதல் சொல்லவில்லை. நான் அழுது முடியுமட்டும் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பி, "முடிஞ்சுதெண்டால் முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ. வீட்டை போவம். தவமணிக்கு முன்னால முழுசாச் சொல்லவேணும். அண்டைக்கு அவளும் அங்க இருந்தவள்" என்றார்.

அவர்களுடைய குசினியில், அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, நான் சொன்னேன். விதை என்ற சொல்லைச் சொன்னேன். வீடு இடிந்து விழவில்லை. அக்கா கத்தியைக் கீழே வைத்தார். "இவ்வளவுதானோ பிள்ளை? நான் இவரைப் பறிகுடுக்கப் போறன் எண்டு பூசை அறையில போயிருந்து அழுதுபோட்டு வந்து இவருக்கு முன்னால சிரிச்சுக்கொண்டெல்லோ திரிஞ்சனான்" என்றார். அண்ணை திடுக்கிட்டு, "உனக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். "ஆரும் சொல்லவேணுமோ? முப்பது வருசமாச் சைக்கிளைத் தொடவிடாத மனுசன், திடீரெண்டு ஏறு ஏறு எண்டால் எனக்கு விளங்காதே?" என்றார் அக்கா. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், இரண்டு மாதம். என் ஒரு சொல்லின் வேலை இது.

அத்தோடு முடிவு எடுத்துவிட்டார் என்று நினைக்கவேண்டாம். பத்து நாள் யோசித்தார். எனக்குப் பொறுமை இல்லை. செய்த பிழையைக் கழுவும் அவசரம். ஒப்பரேசன்தான் நல்லது அண்ணை, உங்களுடைய வயதில் அது ஒரு பெரிய விசயமா, அலியார் காக்கா நன்றாகத்தானே இருக்கிறார் என்று போகும்போதெல்லாம் சொன்னேன். ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்டைக்கு இதைக் குறைச்சுச் சொன்னியள். இண்டைக்குக் கூட்டிச் சொல்லுறியள். ரெண்டும் வேண்டாம் தங்கச்சி." பிறகு கொஞ்சம் சிரித்தார். "அம்பத்தெட்டு வயதில அது என்னத்துக்கு எண்டு எல்லாரும் லேசாச் சொல்லுறியள். காதுச் சோணையாலயும் ஒரு வேலையும் இல்லைத்தானே. ஆரும் வெட்டிக் குடுப்பினமோ? இது என்ர உடம்பு. எனக்குக் கவலையா இருக்குது. நாலு நாள் கவலைப்பட விடுங்கோ." அதற்குப் பிறகு நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பத்தாம் நாள் பெரியாஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்தித்தோம். அவரும் சிங்களவர். அண்ணை கேள்விகளை நினைவில் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆசை போய்விடுமா? போய்விடும். குரல் மாறுமா? மாறாது. பெலன் குறையுமா? கொஞ்சம் குறையும், எலும்பும் காலப்போக்கில் மெலியும். வேறு? திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். நோய் திரும்பி வருமா? ஒருநாள் வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது. இப்போது கொழும்புக்குப் போய்க் கரண்ட் பிடித்தால்? அதுவும் நல்ல வழிதான், வேண்டுமானால் இன்றைக்கே கடிதம் தருகிறேன். ஒவ்வொன்றையும் நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொன்னேன். காது சூடாகியது, ஆனால் ஒன்றையும் விடவில்லை. அக்கா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "கொழும்பில லொட்ஜில நிண்டு, தமிழன் எண்டு பொலிசில பதிஞ்சு, ஏழு கிழமை நான் தாங்குவன். இஞ்ச தனிய இருந்து இவள் தாங்கமாட்டாள். குளிசை பாதை திறந்தால் வரும், மூடினால் வராது. இது ஒருக்காச் செய்தால் முடிஞ்சுது. எனக்கு விருப்பமில்லை. ஆனா எல்லாம் தெரிஞ்சுதான் எடுக்கிறன். அதையும் டொக்டருக்குச் சொல்லுங்கோ. விருப்பமில்லை, ஆனா தெரிஞ்சு எடுக்கிறார் எண்டு." அப்படியே சொன்னேன். வைத்தியர் பேனையை வைத்துவிட்டு எழும்பி அவருடைய கையைப் பிடித்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். முதல் ஒரு மாதம் ஒருவரோடும் கதையில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்காவையும் கிட்ட விடவில்லை. அலியார் காக்காதான் எருமைத் தயிர்ச் சட்டியோடு வந்து, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "எனக்கும் இப்பிடித்தான் லிங்கம். நாப்பது நாள் பொஞ்சாதியோட கோவிச்சுக்கொண்டு கிடந்தன். அவ என்ன பாவம் செஞ்ச?" என்று கேட்டார். அன்று பின்னேரம் அண்ணை எழும்பிக் குளித்தார். பிறகு இரண்டு பேரும் சந்தித்தால் அந்தக் கொதிப்பைப் பற்றித்தான் கதை. பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டு, "வருகுது, வருகுது" என்று ஒருவர் சொல்ல, "எனக்கு முடிஞ்சுது, இப்பதான் இறங்கினது" என்று மற்றவர் சொல்வார். பார்ப்பவர்கள் காய்ச்சல் என்று நினைப்பார்கள்.

எட்டு வருடம் இருந்தார். பெட்டியின் மேல் திரும்ப ஏறினார். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் இறங்குதுறைக்கு வந்து இருப்பார். வரிசையில் நின்ற ஆண்களிடம், சலம் போகக் கஷ்டமெண்டால் வெக்கப்படாமல் போய்க் காட்டுங்கோ, டொக்டர் சொல்லுற எல்லாத்தையும் கேளுங்கோ, விளங்காட்டில் திருப்பிக் கேளுங்கோ என்று அவர் சொன்னதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். சிலர் போய்க் காட்டியும் இருப்பீர்கள். அக்கா சைக்கிளை விடவில்லை. சந்தைக்கு இன்றைக்கும் அதில்தான் போகிறார்.

போன வருடக் கடைசியில் முதுகு நோகிறது என்றார். பிறகு இடுப்பு. பிறகு எழும்ப முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மறுபடி சண்டை தொடங்கியது. பெரியாஸ்பத்திரியில் இப்போது இருப்பது ஒரு தமிழ்ப் பிள்ளை, இளம் வைத்தியர். என்னுடைய வேலை இனித் தேவையில்லை என்று நான் ஆறுதலாகத்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், தப்பித்தேன் என்றும் நினைத்தேன். ஒருநாள் மத்தியானம் அக்கா கச்சேரிக்கு வந்து, உன்னை உடனே வரச் சொல்லுறார் என்றார்.

வார்ட்டில் மெலிந்து போய்க் கிடந்தார். மகன் குமரன் வவுனியாவிலிருந்து வந்து பக்கத்தில் நின்றான். அவனை வெளியே தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார். "டொக்டர்ப் பிள்ளை நல்ல பிள்ளை. தமிழ்தான் கதைக்குது. ஆனா மகன் அதின்ர வாயைக் கட்டிப்போட்டான். வந்து, சுகம் வரும் ஐயா, சாப்பிடுங்கோ ஐயா எண்டு சொல்லிப்போட்டுப் போகுது. நீங்கள் போய்க் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ."

"அண்ணை, அதுவும் தமிழ்தானே" என்றேன்.

"ஓம். தமிழில சொல்லுறதைத்தான் நீங்கள் எனக்குத் தமிழில சொல்லவேணும்."

போனேன். வைத்தியரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். நோயாளி கேட்கிறார், எட்டு வருடத்துக்கு முன்னர் இந்த மனிதருக்கு ஒன்றை மறைத்து நான் செய்த வேலையை உங்களுக்குச் சொல்கிறேன், பிறகு முடிவு செய்யுங்கள் என்றேன். கேட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். திரும்பி வரும்போது வார்ட் வாசலில் குமரன் மறித்தான். கண் சிவந்திருந்தது. "அன்ரி, சொல்லாதேங்கோ. அவர் தாங்கமாட்டார்" என்றான். அவனுடைய நெஞ்சு எனக்குத் தெரியும். அதே இடத்தில் நானும் ஒருநாள் நின்றவள். அவனுடைய கையைப் பிடித்து, "நீயும் வா தம்பி. பக்கத்தில நில்" என்று கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா கட்டிலின் காலடியில் இருந்தார். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "எலும்பு முழுக்கப் பரவிற்றுது அண்ணை. இனித் தாற மருந்து நோவுக்கு மட்டும்தான். கொழும்புக்குக் கொண்டுபோய்க் கரண்ட் பிடிச்சால் முதுகு நோ கொஞ்சம் குறையும், ஒரு மாசமோ ரெண்டு மாசமோ கூடக் கிடைக்கலாம். ஆனா பாதை இப்ப இருக்கிற இருப்பில, போற வழியிலயே ஏதும் நடக்கலாம். இஞ்ச வார்ட்டிலயும் வைச்சிருப்பினம். வீட்டை போறதெண்டாலும் விடுவினமாம், நோவுக்கு மருந்து தந்து."

குமரன் சுவரோடு திரும்பி நின்று அழுதான். அண்ணை அழவில்லை. அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவ்வளவும்தானோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. அவ்வளவும்தான்."

"அப்ப வீட்டை போவம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். அன்று பிற்பகல் முழுக்க நித்திரை கொண்டார். பல நாளாக அப்படி நித்திரை இல்லை என்று அக்கா சொன்னார். அதன்பிறகு பத்தொன்பது நாள் வீட்டில் இருந்தார். குமரனோடு மனம் விட்டுக் கதைத்தார். போய்விட்டார்.

அவர் போனபிறகு யோசித்துப் பார்க்கிறேன். வைத்தியரிடம் அவர் அக்காவையே அனுப்பியிருக்கலாம். தெரிந்த மனிதர் எத்தனையோ பேர். ஒருதரம் தன்னை நம்ப வைத்து ஏமாற்றியவளைத்தான் கடைசிச் செய்தி கேட்டுவரக் கூப்பிட்டார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதற்கு நீ தகுதியா என்று யாராவது கேட்டால், மற்ற நாட்களைப் பற்றி எனக்குத் தெரியாது. வார்ட்டில் நின்ற அந்த ஒரு பிற்பகலுக்கு மட்டும், ஓம் என்பேன்.